சுக்கானும் சக்கரமும்: ஒரு படத்தின் அர்த்தத்தை யார் தீர்மானிக்கிறார்?

கட்புலத் தொடர்பாடல் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை நான் விடாமல் வாசிக்கிறவன். மாணவர்களின் ஆய்வுச் சுருக்கமாக இருக்கட்டும், ஊடகப் பயிற்சிக் கைநூலாக இருக்கட்டும், எதைத் திறந்தாலும் ஒரே வரிசைதான். முதலில் சோசூர் வருவார். குறிப்பான், குறிப்பீடு என்று இரண்டு சொல் தந்துவிட்டுப் போவார். பிறகு ரோலன் பார்த். கடைசியில் ஸ்டுவர்ட் ஹோல் வருவார். அனுப்புகிறவர் ஒன்றை நினைத்துக் குறியேற்றுகிறார், பார்க்கிறவர் தன் நிலையிலிருந்து குறிநீக்குகிறார், ஆகவே அர்த்தம் வாசகரின் கையில் என்று சொல்லி முடித்து வைப்பார். உதாரணத்துக்கு ஒரு சவர்க்கார விளம்பரம் இருக்கும். அதோடு கட்டுரை முடிந்துவிடும்.

சவர்க்கார விளம்பரத்தை ஆராய்வதில் பிழையில்லை. ஆனால் 2019க்குப் பிறகும் இலங்கை முஸ்லிம் ஒருவர் இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்து சவர்க்காரத்தோடு எழும்பிப் போவது எனக்கு விளங்கவில்லை. குறியியல் படிப்பிக்கிற எவரும் கேட்டு வாங்கக்கூடிய ஓர் உதாரணம் எங்கட வாசலிலேயே கிடக்கிறது. அதைத் தொடுகிற கட்டுரைகளும் 'மனித உரிமை மீறல்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகின்றன. மீறல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு வாசிப்பும் கூட. ஒரு படத்தை ஒருவர் வாசித்தார், அந்த வாசிப்புக்காக இன்னொருவர் சிறை போனார்.

நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். 2019 மே 17, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து நாலு கிழமை கூட ஆகவில்லை. ஹஸலக்கையில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடுத்திருந்த உடுப்பில் வட்டமான ஒரு சித்திரம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மச்சக்கரம், பௌத்தத்தின் புனிதச் சின்னம், அதை உடுப்பில் போட்டது நிந்தனை என்று பொலிஸ் சொன்னது. மஹியங்கனை நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டம், சனங்கள் ஐ.சி.சி.பி.ஆர். என்று சொல்கிற அதே சட்டம், அவருக்கு எதிராகத் தூக்கப்பட்டது. ஜூன் 3ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. உடுப்பில் இருந்தது கப்பலின் சுக்கான் சில்லு.

இதைக் கேட்ட எல்லோரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: "அது சுக்கான் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே." தெரியுமா? படத்தை நிதானமாக எடுத்துப் பார்ப்போம். ஒரு வட்டம், நடுவில் ஒரு குடம், குடத்திலிருந்து வட்டத்துக்கு ஆரங்கள். இவ்வளவும் இரண்டுக்கும் பொது. சுக்கான் சில்லின் ஆரங்கள் வட்டத்தைத் தாண்டி வெளியே கைப்பிடிகளாக நீளும். மாலுமி பிடித்துத் திருப்ப வேண்டுமே. ஆனால் தர்மச்சக்கரத்தை வரைகிறவர்களும் சில வேளை விளிம்புக்கு வெளியே அலங்காரக் கூர்கள் வைக்கிறார்கள். கோடுகளை மட்டும் வைத்து வழக்காடினால் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேசலாம். இந்த உண்மையை ஒப்புக்கொள்ளாமல் கதையைத் தொடர்ந்தால் ஒன்றும் விளங்காது. எந்தக் கோடும் 'நான் இன்னது' என்று தானாகச் சொல்வதில்லை. சோசூரிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: ஒரு குறி தன்னைச் சுற்றியுள்ள மற்றக் குறிகளோடு உள்ள வித்தியாசத்தால்தான் பொருள் கொள்கிறது. அதே சித்திரம் நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு சுற்றுலாப்பயணியின் ரீசேர்ட்டில் இருந்தால் அது சுக்கான். பக்கத்தில் நங்கூரமோ கயிறோ இருக்க வேண்டிய அவசியம் கூட இல்லை. ஹஸலக்கையில் அதற்குப் பக்கத்தில் இருந்த குறி, அதைப் போட்டிருந்த பெண்ணின் தலைத்துண்டு. சித்திரத்தை யாரும் தனியாக வாசிக்கவில்லை. தலைத்துண்டையும் சித்திரத்தையும் சேர்த்து ஒரே வசனமாக வாசித்தார்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். 'சுக்கான்' என்ற சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. சிங்களத்திலும் அதுதான், 'சுக்கானம'. வாகனத்தின் ஸ்டியரிங்குக்கும் சிங்களத்தில் அதே சொல்லைச் சொல்கிறார்கள். கடலோடிகள் கொண்டுவந்த ஒரு சொல் மூன்று பாஷையிலும் ஒரே பொருளில் நிற்கிறது. சொல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் அதன் படம் பொதுவாக இருக்கவில்லை.

இனி பார்த்துக்கு வருகிறேன். அவருடைய 'இன்றைய தொன்மம்' கட்டுரையில் வரும் உதாரணத்தைத் தமிழில் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். முடிதிருத்தும் கடையில் அவர் கையில் 'பாரிஸ் மேட்ச்' சஞ்சிகை கிடைக்கிறது. அட்டையில் பிரெஞ்சு இராணுவச் சீருடையில் ஒரு கறுப்பினப் பையன் சல்யூட் அடிக்கிறான். படத்தின் நேர்ப்பொருள் அவ்வளவுதான். ஆனால் அது அதோடு நிற்காமல், பிரான்ஸ் ஒரு பெரிய பேரரசு, நிறபேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் அதற்கு விசுவாசமாகச் சேவை செய்கிறார்கள் என்ற இரண்டாம் பொருளைச் சொல்கிறது. அதுவும் வாதமாக அல்ல, இயற்கை போலச் சொல்கிறது என்பது பார்த்தின் வாசிப்பு. இதழ் 1955ஆம் ஆண்டினது. அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கி ஒரு வருஷம் கூட ஆகாத நேரம். ஆகவே அந்த வாசிப்பு வெறும் விளையாட்டு அல்ல.

ஆனால் எங்கள் கட்டுரைகள் கவனிக்காத ஒன்று அந்த அட்டையிலேயே இருந்தது. அந்தப் பையனுக்கு அதில் பெயர் போட்டிருந்தார்கள்: சின்ன டியூஃப். ஒவாகடூகுவில் இருந்து தோழர்களோடு பாரிஸில் நடக்கும் இராணுவக் களியாட்டக் காட்சிக்கு வந்திருக்கிறான் என்று விளக்கக் குறிப்பும் இருந்தது. பார்த் அந்தக் குறிப்பைத் தன் கட்டுரையில் எடுக்கவில்லை. பையனின் பெயரும் ஊரும் போனபிறகுதான் அவன் 'கறுப்பினப் போர்வீரன்' என்ற சுத்தமான குறியாக மாறுகிறான். தொன்மம் ஒருவரின் வரலாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வெறும் உருவத்தை மிச்சம் வைக்கிறது என்று அவர் சொன்னது சரி. அதை அவருடைய கட்டுரையே கொஞ்சம் செய்திருக்கிறது என்பதும் சரி. இதைச் சொல்வது அவரைக் குறைக்க அல்ல. விளக்கக் குறிப்பை எடுத்தால் என்ன நடக்கும், மாற்றினால் என்ன நடக்கும் என்பதுதான் எங்கட கதையின் மையம் என்பதற்காகச் சொல்கிறேன்.

1964இல் எழுதிய 'படிமத்தின் சொல்லணி' கட்டுரையில் பார்த் இந்த இடத்துக்கே வருகிறார். பன்ஸானி என்ற பாஸ்தா கொம்பனியின் விளம்பரம். ஒரு வலைப்பை, அதற்குள் பாஸ்தாப் பைக்கட்டுகள், ஒரு டின், தக்காளி, வெங்காயம். இதெல்லாம் சேர்ந்து 'இத்தாலியத்தனம்' என்ற ஒன்றை உண்டாக்குகிறது, ஆனால் அது பிரெஞ்சுக்காரன் கண்ணுக்குத்தான் இத்தாலியத்தனம் என்கிறார். படத்துக்குப் பல பொருள் இருக்கும். எழுத்து ஒரு நங்கூரம் போல அதில் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது என்பது அதே கட்டுரையில்தான்.

பைக்கட் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வரவேண்டியது வேறொன்று. ஹலால் இலச்சினை. பிஸ்கட் பைக்கட்டின் மூலையில் இருந்த ஒரு சின்னக் குறி. அதன் நேர்ப்பொருள் மிகவும் வரட்சியானது: இதைச் சாப்பிடலாம் என்று ஒரு குழு பரிசோதித்துச் சொல்லியிருக்கிறது. 2012, 2013இல் பொதுபல சேனாவின் பிரசாரத்தில் அதே குறி 'அவர்கள் எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டார்கள்' என்று வாசிக்கப்பட்டது. 2013 மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தைப் பொருட்களில் அந்த இலச்சினை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. பார்த்தின் வார்த்தையைத் திருப்பிப் போட்டால், 'அரபுத்தனம்' என்று ஒன்று எங்கட நாட்டில் அந்தக் காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. காத்தான்குடி வீதியின் நடுவில் நட்ட பேரீச்ச மரங்களின் படம் அதற்கு நல்ல சாட்சி. அந்தப் படத்தில் இருப்பது மரமும் வீதியும் வெயிலும்தான். எத்தனை பத்திரிகையில், எத்தனை நிகழ்ச்சியில் அது ஒரு குற்றச்சாட்டாக வந்தது! பேரீச்சை நட்டது நகர அலங்காரம் என்ற வகையில் நல்ல யோசனையா என்று நாங்கள் எங்களுக்குள் வாதாடலாம். எனக்கு அது பெரிதாகப் பிடிக்கவும் இல்லை. ஆனால் மரத்தைப் பார்த்தவுடன் மரம் மறைந்து 'அரபுத்தனம்' தெரிகிறதே, அதுதான் தொன்மம் வேலை செய்கிற விதம்.

இவ்வளவும் பார்த்தை வைத்துச் சொல்லலாம். ஆனால் ஹஸலக்கைப் பெண் ஏன் விளக்கமறியலுக்குப் போனார் என்பதைப் பார்த்தை வைத்துச் சொல்ல முடியாது. தொன்மங்களை வைத்திருக்கிற சனங்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பிழையாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாசிப்புக்கு விலங்கு போடுகிற சக்தி எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் ஹோலின் குறியேற்ற-குறிநீக்கக் கட்டுரையைப் பற்றி எனக்குள்ள முறைப்பாடு. அது 1973இல் பேர்மிங்ஹாமில் எழுதப்பட்ட கட்டுரை. ஆதிக்க நிலை, பேரம் பேசும் நிலை, எதிர்நிலை என்று குறிநீக்கத்துக்கு மூன்று நிலைகள் சொல்வார். எங்கட ஆட்கள் அந்த மூன்றையும் மூன்று பெட்டி போல எடுத்து, விருப்பமான விளம்பரத்தைப் போட்டு நிரப்புகிறார்கள். ஹோல் அதே கட்டுரையில், பல வாசிப்புகள் சாத்தியம் என்றாலும் அவை சமமானவை அல்ல, ஒன்று மேலே இருக்கும்படி ஏற்கனவே ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கிறார். அது எங்கட சுருக்கங்களில் விழுந்துவிடுகிறது. 'அர்த்தம் வாசகரின் கையில்' என்ற சந்தோஷமான வசனம் மட்டும் மிச்சம். அந்தப் பெண்ணும் தன் உடுப்பைக் குறிநீக்கம் செய்துதானே வைத்திருந்தார்? அவருக்கு அது சுக்கான், அல்லது வெறும் பூவேலை. அவருடைய எதிர்நிலை வாசிப்பு அவருக்கு என்ன கொடுத்தது?

எங்கள் மாணவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய ஹோல் வேறொரு ஹோல். அவரும் நாலு சகாக்களும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட 'நெருக்கடியைப் பொலிஸ் செய்தல்' என்ற நூல். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியப் பத்திரிகைகளில் 'மக்கிங்' என்ற வழிப்பறி பற்றிய பீதி எப்படி எழுந்தது, அது எப்படிக் கறுப்பின இளைஞனின் முகமாக மாறியது என்று ஆராய்கிற தடித்த புத்தகம். அமெரிக்காவில் இருந்து அந்தச் சொல் தன் பயங்களோடு முதலில் வந்து சேர்ந்தது, பிறகுதான் அதற்கேற்ற குற்றங்கள் 'கண்டுபிடிக்கப்பட்டன' என்பது அவர்களது வாதம். அந்த நூலில் 'முதன்மை வரையறுப்போர்' என்று ஒரு கருத்து வருகிறது. நேரம் போதாமல் ஓடுகிற செய்தியாளர், பக்கச்சார்பில்லை என்று காட்ட நினைக்கிற செய்தியாளர், நம்பத்தகுந்த வாயிடம் போகிறார்: பொலிஸ், நீதிமன்றம், அமைச்சர். அந்த வாய்தான் நடந்தது என்ன என்பதற்கு முதல் பெயரை வைக்கிறது. அதற்குப் பிறகு யார் என்ன மறுத்தாலும் அந்தப் பெயரில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஊடகக்காரன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் எங்கட வீடுகளில், பள்ளிவாசல் முற்றத்தில், தேத்தண்ணிக் கடையில் வருகிற விளக்கம் எப்போதும் ஒன்றுதான்: "மீடியாக்காரன் செய்த சதி." சதி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்கத் தேவையில்லை. எட்வர்ட் ஸெயித்தின் 'இஸ்லாத்தைச் செய்தியாக்குதல்' நூலைக் கூட அதை விரித்துப் பார்க்காமலே இந்தச் சதிக் கதைக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹோலின் கருத்தைப் பரீட்சித்துப் பார்க்க 2019 ஏப்ரல் 25 போதும். அன்று பொலிஸ் தேடப்படுகிறவர்கள் என்று ஆறு பேரின் படங்களைப் பெயரோடு வெளியிட்டது. மூன்று ஆண், மூன்று பெண். அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே இருந்த முகம் அவருடையது அல்ல. அது அமெரிக்காவில் பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிக்கும், இலங்கைப் பூர்வீகம் கொண்ட ஒரு மாணவியின் முகம். ஹிஜாப் அணிந்த முகம். அவர் உலகத்துக்கு முன்னால் 'அது நான் இல்லை' என்று சொல்ல வேண்டி வந்தது. பொலிஸும் பிழை என்று அறிவித்தது. இதில் எந்தப் பத்திரிகையாளர் சதி செய்தார்? பொலிஸ் கொடுத்த படத்தை, பொலிஸ் கொடுத்த பெயரோடு போட்டார்கள். நெருக்கடி நேரத்தில் எந்த நாட்டிலும் செய்வதுதான். படத்தில் இருந்தது ஒரு முகமும் ஒரு துணியும். பார்த் சொன்ன நங்கூரத்தை இறக்கியது பத்திரிகை அல்ல, பொலிஸ். திருத்தம் வந்தது உண்மை. ஆனால் படம் போன தூரம் திருத்தம் போனதா என்று அந்த மாணவியைத்தான் கேட்க வேண்டும்.

அதே நாட்களில் தொலைக்காட்சி இன்னொரு விதமாக வேலை செய்தது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் பற்றி ஒரு பழைய கதை உண்டு. ஒரு நடிகரின் அசையாத முகத்துக்குப் பக்கத்தில் சூப் கோப்பை, சவப்பெட்டி என்று வேறு வேறு காட்சிகளை ஒட்டினார். முகம் ஒன்றேயானாலும் பார்த்தவர்கள் ஒரு முறை பசியையும் ஒரு முறை துக்கத்தையும் கண்டார்கள். 2019 மே மாதச் செய்திகளில் முகத்தின் இடத்தில் மினாரா. தேடுதலில் எடுத்த வாள்கள் வரிசையாக, அடுத்த காட்சி மினாரா, அடுத்து அரபு எழுத்துள்ள ஒரு புத்தகம். எந்த அறிவிப்பாளரும் 'இந்தப் புத்தகம் ஆயுதம்' என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒட்டுதலே சொல்லிவிட்டது. அதை எங்கட சனங்களும் விளங்கிக்கொண்டார்கள். எத்தனை வீட்டில் அரபுக் கிதாபுகளை எரிப்பதா, கிணற்றில் போடுவதா, புதைப்பதா என்று பயந்து தவித்தார்கள்! தங்கள் அலுமாரியைத் தொலைக்காட்சியின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டார்கள். ஹோலின் பாஷையில் இது ஆதிக்க நிலைக் குறிநீக்கம். அடிபடுகிறவனே செய்த ஆதிக்க நிலைக் குறிநீக்கம். மூன்று பெட்டிக் கட்டுரைகளில் இதற்கு இடம் கிடையாது.

நாங்களும் சுத்தமில்லை. 2012இல் மியன்மார் ரக்கைன் கலவரங்களின்போது ஒரு படம் உலகமெங்கும் முஸ்லிம்களின் தொலைபேசிகளிலும் முகநூலிலும் சுற்றியது. இங்கேயும் வந்தது. செவ்வாடை பிக்குகள் நிற்கிறார்கள், முன்னால் பிரேதங்கள் குவியலாகக் கிடக்கின்றன. பௌத்தர்கள் கொன்ற ரோஹிங்யா முஸ்லிம்கள் என்று கீழே எழுதியிருந்தது. உண்மையில் அது 2010 ஏப்ரலில் சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் யூஷு என்ற இடத்தில் நடந்த பூமியதிர்ச்சி. திபெத்தியப் பிக்குகள் இறந்தவர்களின் உடல்களைத் தகனத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவருக்குக் கடைசிக் கடமை செய்கிறவர்களின் படம் கொலைகாரர்களின் படமாகப் போனது. ரோஹிங்யாக்களுக்கு நடந்த கொடுமை உண்மை. அதற்கு வேறொருவரின் மையத்து தேவைப்படவில்லை. இந்த வாசிப்பும் ஹஸலக்கை வாசிப்பும் ஒரே முறையில் நடந்தவை. அங்கே தலைத்துண்டு, இங்கே காவியாடை. உடுப்பைக் கண்டதும் வசனம் முடிந்துவிடுகிறது. வித்தியாசம் ஒன்றுதான், எங்கட பிழையான வாசிப்புக்கு ஒரு பொலிஸ் நிலையம் இருக்கவில்லை. அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனால் அதைக் காட்டி முதலாவதை மறைக்கவும் கூடாது.

2019க்குப் பிறகு நாங்கள் எங்களைப் பற்றி உண்டாக்கிய படங்களையும் யாராவது எடுத்து விமர்சிக்க வேண்டும். பள்ளிவாசல் வாசலில் வெள்ளைக்கொடி, 'நாங்கள் பயங்கரவாதத்தைக் கண்டிக்கிறோம்' என்ற பெனர், பிக்குவுக்குக் குளிர்பானம் நீட்டும் மௌலவி. நல்ல மனதோடு செய்தவைதான், பயத்தில் செய்தவையும்தான். ஆனால் ஹோல் குழுவின் வாதம் இங்கே சுடுகிறது. முதல் வரையறை 'நீங்கள் சந்தேக நபர்' என்பது. எங்கள் படங்கள் எல்லாம் 'நாங்கள் சந்தேக நபர் இல்லை' என்றன. கேள்வி மாறவில்லை, பதில்தான் மாறியது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு ஒரு முஸ்லிம் பெண் மரக்கறி விலை பற்றிக் கதைக்கிற சாதாரணப் படம் ஒன்றை அந்த மாதங்களில் நான் எங்கட ஊடகங்களிலும் காணவில்லை.

ஹஸலக்கைப் பெண்ணின் வழக்கு பிறகு அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பானது. சந்தோஷம். ஆனால் அந்த உடுப்பு மறுபடி சுக்கான் ஆனது, சனங்கள் அதைச் சரியாக வாசிக்கப் பழகியதால் அல்ல. பொலிஸை விடப் பெரிய இன்னொரு வரையறுப்பாளர், மேலே இருந்து, சில வருஷங்கள் பிந்தி, வேறு வாசிப்பு ஒன்றைக் கொடுத்ததால்தான். முதன்மை வரையறுப்போர் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை, நீதிபதிக்கும் பொறுப்பதிகாரிக்கும் இடையில் பிளவு வரும் என்பதை 1978 நூல் போதிய அளவு சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பிளவு எப்போது திறக்கிறது என்பது இலங்கையை வைத்து எழுதக்கூடிய ஒரு நல்ல ஆய்வு.

அதற்கு வேண்டிய பொருள் இருக்கிறது. 2019 ஏப்ரல், மே, ஜூன் மாதத்து மும்மொழிப் பத்திரிகைகள் கொழும்பு ரீட் அவனியூவில் உள்ள சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு முஸ்லிம் முகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் உடுப்புக்கும் கீழே என்ன எழுதியிருக்கிறது, அந்த வரி யார் வாயில் இருந்து வந்தது, தமிழ்ப் பத்திரிகை அதே படத்துக்கு என்ன வரி போட்டது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுத்தால் ஆறு மாத வேலை. தொலைக்காட்சி ஒளிப்பதிவுகளைப் பெறுவது கஷ்டம். அவை நிலையங்களின் கையில். அதனால் பத்திரிகையில் தொடங்கலாம்.